அறுவைக்குப் பின்னும் நிலைக்கும் முதுகுவலி



முதுகெலும்பின் முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை மருத்துவத்தை ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃபிரெட் ஆல்பீ என்னும் மருத்துவர் இருவர் 1911ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலிருந்து தனித்தனியே வெளியிட்டனர். இன்று திருகாணிகளாலும் தண்டுகளாலும் எலும்புகளை நிலைநிறுத்தி, இடையே எலும்புத் துண்டுகளை வைக்கின்றனர். அவை கூடிக் கெட்டிப்படப் பல மாதங்கள் ஆகும்.

கூடிய பின்னரும் சிலருக்கு வலி நீங்குவதில்லை. 'படத்தில் எல்லாம் சரியாக உள்ளதே' என்று உறவினர் ஐயுறுகின்றனர். நாளடைவில் நோயாளி தம்மையே ஐயுறுகிறார். ஆனால் அவ்வலி பொய்யன்று. நெடுங்காலம் நசுங்கிய நரம்பு முழுமையாகத் தேறாதிருக்கலாம். இணைந்த பகுதி அசையாமையால் அதன் மேலும் கீழும் உள்ள மூட்டுகள் மிகுதியான சுமை ஏற்கலாம். நரம்பு மண்டலமே வலியை மிகுத்துணரப் பழகியிருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 2022 முதல் நடைமுறையிலுள்ள 11ஆம் பதிப்பு, அறுவைக்குப் பின் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனியிடம் அளித்துள்ளது.

இத்தகையோர்க்கு உற்ற துணை அளவறிந்து நடத்தல். நலமான நாளில் எல்லா வேலைகளையும் முடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது பலரிடம் காணும் பழக்கம். முற்றிலும் படுத்துவிட்டாலோ தசைகள் மேலும் நலியும். பத்து நிமிடம் நடக்க இயலுமெனின் எட்டாம் நிமிடத்தில் அமர்தல் நன்று. வாரந்தோறும் சிறிது கூட்டலாம். எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையூன்றி எழுதல் வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமே நெடுநாள் உட்கொண்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

காலில் புதிய தளர்ச்சி, தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர், மலத்தைக் கழிக்கவோ அடக்கவோ இயலாமை ஆகியவை தோன்றின், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நாற்பத்தெட்டு நிமிடம் தரையில் அமர்ந்து சாமாயிகம் செய்து பழகிய முதியவர்க்கு நாற்காலியில் அமர்வது மனக்குறையாகத் தோன்றும். கேட்கும் முன்னரே இல்லத்தார் நாற்காலி இட்டுவைப்பின் அக்குறை பாதி தீரும். 'இன்னுமா வலிக்கிறது?' என்று வினவுவதை விடுத்து, 'இன்று எவ்வளவு இயலும்?' என்று வினவுவோமாக. தம் வலியை வீட்டார் நம்புகின்றனர் என்று அறிந்தவர்க்கு, அதனை மறைக்கவும் மெய்ப்பிக்கவும் வீணாகும் வலிமை நடைப்பயிற்சிக்கு மிஞ்சும்.