மஞ்சள் மாத்திரையும் பெரியப்பாவின் மூச்சும்



ஆங் மோ கியோவில் இருக்கும் என் பெரியப்பா, மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்குவார். நுரையீரலில் தழும்பு படிந்து இறுகும் நோய். போன மாதம் போனபோது அவருடைய மாத்திரைப் பெட்டி நிரம்பியே இருந்தது. "சாப்பிட்டா குமட்டுதும்மா. தேக்காவுல மஞ்சள் சாறு மாத்திரை வாங்கிட்டேன். மூலிகைதானே, என்ன பண்ணிடும்?" என்றார்.

அவர் நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. தோல் நிறுவனத்துக்கு நுரையீரலில் என்ன வேலை என்கிறீர்களா? தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். நுரையீரலில் தழும்பாகப் படிவதும் அதுவே. பிளியோமைசின் மருந்தால் எலிகளின் நுரையீரலைப் பாதிக்கச் செய்து, மஞ்சளிலுள்ள குர்குமினைக் கொடுத்தபோது கொலாஜன் சேர்வது குறைந்தது.

ஆனால் பாதிப்பு ஏற்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே அந்த எலிகளுக்குக் குர்குமின் தரப்பட்டது. பெரியப்பாவுக்கோ தழும்பு விழுந்தாகிவிட்டது. எலிகளுக்குத் தந்த அளவு, ஒரு கிலோ எடைக்கு 300 மில்லிகிராம். மனித உடலுக்கேற்பக் குறைத்துக் கணக்கிட்டாலும், தினம் ஏறத்தாழ 100 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். எந்தக் குழம்பு தாங்கும்?

குர்குமின் இரத்தத்தில் எளிதில் சேராது. மிளகின் பைப்பரின் அதை 20 மடங்கு கூட்டும் என 1998இல் பெங்களூர் ஆய்வொன்று காட்டியது. அதனால் பல மாத்திரைகளில் மிளகுச் சாறும் இருக்கிறது. அப்படிச் செறிவூட்டிய மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. பெரியப்பாவின் மருந்தும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது என்பதால்தான் அவருக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை.

பச்சைத் தேயிலைச் சாறு எலியைத் தாண்டி மனிதர்வரை வந்திருக்கிறது. 2020இல் அமெரிக்காவில் சில நோயாளிகள் இரண்டு வாரம் உட்கொண்டபின், நுரையீரல் திசுவில் தழும்பைத் தூண்டும் அறிகுறிகள் குறைந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் மூச்சு சீரானதா, ஆயுள் கூடியதா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை.

பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய மருந்துகளுக்கு அமெரிக்கா 2014இல் ஒப்புதல் தந்தது. இவை தழும்பைப் போக்குவதில்லை. நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. மருந்தை விட்ட நாள்களில் இழந்த மூச்சு திரும்பாது.

மஞ்சள் மாத்திரைப் புட்டியோடு அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மருத்துவர் திட்டவில்லை. அளவைக் குறைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டபின் எடுக்கச் சொன்னார். மெல்ல மெல்லக் கூட்டலாம் என்றார். புட்டி இப்போது பெரியம்மாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

நேற்று வியாழக்கிழமை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். வியாழன்வரை காலி.