படலை திறந்த வீடு



நூற்றாண்டு நினைவாக ஊரிலுள்ள நாற்சார் வீடொன்றைத் திருத்திப் பொதுப் பாவனைக்கு விட்டிருக்கிறோம். அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

அது எங்கள் வகுப்புத் தோழியின் பாட்டனார் கட்டிய வீடு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்கு நடந்தபோது பூட்டியது. அதன்பின் ஒருவரும் குடியிருக்கவில்லை. ஓடுகள் சரிந்து, நடுமுற்றத்தில் ஆலங்கன்று முளைத்திருந்தது. தோழி வீட்டை எங்களிடம் தந்தபோது, இடித்துவிட்டு மண்டபம் கட்டலாம் என்றே எங்களில் பலர் சொன்னோம். கூரையைக் கழற்றிய தச்சாசாரியார் பனை வளைகளைத் தட்டிக் காட்டினார். வைரம் அப்படியே இருந்தது. இடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

நாங்கள் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். அவசரத்தில் ஒரு சுவருக்குச் சீமெந்து பூசினோம். மாரி முடிய அது ஊதி உதிர்ந்தது. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி ஒட்டிய கதைதான். முழுவதையும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு நீற்றி, மறுபடி பூசினோம்.

இன்று விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகள் படிக்கிறார்கள். மாதமொருமுறை நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனை நடக்கிறது.

முதலாவது பரிசோதனை நாளன்று எண்பது தாண்டிய ஆச்சி ஒருவர் படலையடியில் நின்றுவிட்டார்.

"உள்ளுக்கு வாங்கோ ஆச்சி."

"நான் இதிலை நிக்கிறன் பிள்ளை. இஞ்சை நெல்லுக் குத்த வந்த காலத்திலையும் நாங்கள் பின்பக்கத்தாலைதான்."

கருவியைப் படலைக்கே கொண்டுபோகலாம் என்று எங்களில் ஒருவர் எழுந்தார். அது ஆச்சிக்கு உதவியாகத்தான் தெரிந்தது. ஆனால் அப்படிச் செய்தால் சுவரோடு சேர்த்துப் பழைய வழக்கத்தையும் புதுப்பித்தவர்களாவோம். கனடாவிலிருந்து வந்திருந்த தோழி எழுந்துபோய், ஆச்சியின் கையைப் பிடித்து, முன்வாசலால் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார். ஆச்சியின் கை நடுங்கியது. அழுத்தம் கூடியிருந்தது. தேத்தண்ணீர் கொடுத்துக் கதைத்திருந்துவிட்டுத் திரும்பப் பார்த்தோம், குறைந்திருந்தது.

பொது இடங்களில் சாதி பார்த்துத் தடுப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. வீட்டுப் படலைகளைச் சட்டம் திறக்கவில்லை. நாங்கள் பெருமையோடு நினைக்கும் எங்கள் பாட்டிமாரின் வீடுகளிலும் அந்தப் பின்வாசல் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு பொது வீடு என்று பெயர்ப்பலகை போட எங்களுக்கு மனம் வரவில்லை.

பணம் அனுப்பியவர்களுக்கும் வேலை செய்த மேசன்மார், ஆசாரிமாருக்கும் நன்றி. வேலை முடியவில்லை, ஒவ்வொரு மாரிக்கு முன்னும் ஓடு பார்க்க வேண்டும். ஊருக்கு வரும்போது போய்ப் பாருங்கள். அங்கே யார் யார் முன்வாசலால் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். அந்த ஆச்சி இப்போது ஒவ்வொரு மாதமும் வருகிறார், பேத்தியையும் கூட்டிக்கொண்டு.