முதுமைக்கு நிம்மதி முதியோர் குடியிருப்பே!

நடுவர் அவர்களே! எதிர்வரிசையில் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் நண்பர்களே!

எனக்கு முன்னாடி பேசின அம்மா, பெற்ற தாயை வாசலில் இறக்கிவிட்டுட்டுத் திரும்பிப் பார்க்காமல் போன மகனைப் பற்றிச் சொன்னாங்க. சபையே அழுதது. நானும் அழுதேன். ஆனா ஐயா, அவங்க சொன்னது முதியோர் இல்லம். இன்றைக்குத் தலைப்பு முதியோர் குடியிருப்பு. அங்கே பிள்ளை கொண்டுபோய் விடுகிறான். இங்கே பெரியவரே நாலு இடம் விசாரிச்சு, காசைக் கட்டி, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கிட்டுப் போறார். ரெண்டையும் ஒரே கட்டாகக் கட்டினால் எப்படி?

1960 ஜனவரி 1-ஆம் தேதி அமெரிக்காவில், அரிசோனா பாலைவனத்தில், டெல் வெப் என்கிற கட்டடக்காரர் ‘சன் சிட்டி’யைத் திறந்தார். வயதானவர்களுக்கென்றே ஓர் ஊர். முதல் சில நாளிலேயே பார்க்க வந்த கூட்டம் ஏறத்தாழ ஒரு லட்சம்! அத்தனை பேரையுமா பிள்ளைகள் விரட்டிவிட்டார்கள்? இந்த 2000-க்குப் பிறகு நம்ம கோயம்புத்தூரைச் சுற்றியும் அப்படிப் பல குடியிருப்புகள் வந்துவிட்டன. வழுக்காத தரை, குளியலறையில் பிடிமானக் கம்பி, கட்டில் பக்கத்தில் அழைப்பு மணி, பொதுச் சாப்பாட்டுக்கூடம். யார் போறாங்க அங்கே? நான் போய்ப் பார்த்தேன்.

முதல் ரகம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள். ஒருத்தர் சொன்னார்: “சார், மகன் தங்கமானவன். ஆறு மாசம் அங்கே இருந்தேன். காலையில் எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. நானும் ஜன்னலும்தான் பேசிக்கிட்டிருந்தோம்.”

இரண்டாவது ரகம், நம்ம தாய்மார்கள். ஐயாவுக்கு 60 வயசில் மாலை போட்டு, பாராட்டுவிழா நடத்தி, ஓய்வு கொடுத்திடுறாங்க. அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்கு என்றைக்கு மாலை? ஒரே ஒரு நாள்தான். அது எந்த நாள் என்று உங்களுக்கே தெரியும்! (சிரிப்பு அடங்கி, கைதட்டல்.) அங்கே ஓர் அம்மா சொன்னாங்க, “அடுத்தவங்க போட்ட காபியை உட்கார்ந்து குடிக்கிறேன் சார், நாற்பது வருஷத்துக்கப்புறம்.” அந்த ஒரு வாய் காபிக்காகவே அந்த இடம் இருக்கட்டும் என்கிறேன் நான்.

மூன்றாவது, ரெண்டு பேரில் ஒருவர் நோயாளி. எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பா என்று ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறவர். நான்காவது, கல்யாணம் செய்யாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள். பிள்ளைகள்தான் பார்க்கணும் என்று எதிரணி பேசுதே, இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இப்போ என் கதைக்கு வர்றேன். எனக்குச் சொந்த ஊர் வீரசோழன். திருச்சுழிப் பக்கம். மழை பெய்தால் கண்மாய், பெய்யாவிட்டால் சீமைக்கருவேல், கரிமூட்டம். அப்பா போனபிறகு அம்மாவை மதுரைக்கு அழைத்து வந்தேன். மூன்றாவது மாடி. மருமகள் தாங்கினாள். நாற்பதாவது நாள் அம்மா சொன்னாள்: “ஏய்யா, ஒரு குறையும் இல்ல. ஆனா சண்டை போடக்கூட ஒரு ஆளு இல்லையேய்யா!” கொண்டுபோய் ஊரில் விட்டேன். விட்ட மகன்தான் நானும்.

ஒருநாள் விடியலில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பு போச்சு. கதவு உள்தாழ்ப்பாள். கத்தினால் கேட்காது. எதிர்வீட்டு பாய் வீட்டம்மா வாசலைப் பார்த்திருக்காங்க. கோலம் இல்லை. “அக்கா கோலம் போடாம இருக்க மாட்டாங்களே” என்று ஆளைக் கூட்டிக் கதவை உடைத்தார்கள். எனக்குச் சேதி வந்தது மத்தியானம். ஐயா, என் தாயைக் காப்பாற்றியது பெற்ற பிள்ளை இல்லை. கோலம் இல்லாத வாசலைக் கவனித்த ஒரு ஜோடிக் கண்!

பிசிராந்தையார் நம்ம பாண்டிய நாட்டுக்காரர். வயசாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டபோது, மனைவி மக்களோடு காரணத்தை நிறுத்தவில்லை. தன் ஊரில் வாழும் சான்றோர்களையும் சேர்த்துச் சொன்னார். முதுமைக்கு வீடு போதாது, தெரு வேணும். இன்றைக்கு அந்தத் தெருவில் பாதி வீடு பூட்டு. பிள்ளைகள் மதுரையில், திருப்பூரில், வளைகுடாவில். காணாமல் போன தெருவைத்தான் குடியிருப்பில் தேடுகிறார்கள்.

ஏழை எங்கே போவான் என்று எதிரணி கேட்கும். நியாயம். என் கட்சியின் பலவீனம் அதுதான். அதனால்தான் சொல்றேன், இது காசுள்ளவர்களோடு நிற்கக்கூடாது, ஊர்தோறும் வரணும். போகிறவர்களும் பத்திரத்தைப் படியுங்கள். வீடு சொந்தமா, முன்பணமா? நமக்குப் பின் யாருக்கு? படுக்கையில் விழுந்தால் பார்ப்பார்களா? பிள்ளைகளே, நீங்களும் தப்பிக்க முடியாது. பெற்றோரைப் பராமரிப்பது கடமை என்று 2007-ல் சட்டமே வந்தாச்சு.

நானும் என் மனைவியும் ஓர் இடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். மகள் அழுதாள். “எங்களை வேண்டாம்னா போறீங்க?” என்றாள். “இல்லம்மா. உன் வீட்டுக்கு நாங்க எப்பவும் விருந்தாளியா வரணும், பாரமா வரக்கூடாது. இந்தா, ரெண்டாவது சாவி. இது உன்கிட்ட இருக்கட்டும்” என்றேன்.

நடுவர் அவர்களே! அந்த ரெண்டாவது சாவி பிள்ளையின் கையில் இருக்கிறவரை அது அநாதை இல்லம் ஆகாது. என் வாசலில் கோலம் இல்லையென்றால் கவனிக்க ஒரு கண் வேணும். அந்தக் கண் இருக்கிற இடமே நிம்மதி என்று தீர்ப்பு வழங்குங்கள்.