மலைபடுகடாமும் மலையூர் நூலகமும்



பத்துப்பாட்டின் நிறைவாக அமைந்தது மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இப்பாட்டின் தலைவன், செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறே என்பர் அறிஞர். பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் புலவர், எங்கே வழுக்கும், எங்கே பன்றிப் பொறி இருக்கும், எங்கே தினைப்புனக் காவலரின் கவண்கல் பாயும் என்றெல்லாம் எச்சரிக்கிறார். ஒரு மலைநாட்டின் பட்டறிவு இப்பாட்டில் உறைகிறது. 1889ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியிராவிடில், அவ்வறிவு ஏட்டோடு செல்லரித்துப் போயிருத்தல் கூடும்.

அதே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் உள்ளன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் மழையை நம்பிச் சாமை விளைவிப்பவர்கள். எந்தச் சரிவுக்கு எந்த விதை, எந்த மழைக்குப் பின் விதைப்பு, விதையைப் பூச்சி அண்டாமல் எவ்வாறு காப்பது என்பன அவர்தம் மூத்தோர் நாவில் வாழும் நூல்கள். பருவம் பிறழ்ந்து மழை ஒருசேரக் கொட்டுவதும் நெடுநாள் பொய்ப்பதுமாகிய இக்காலத்தில், வறட்சி தாங்கும் சிறுதானியத்தின் அருமையை உலகமே உணர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஆயினும், அத்தானியத்தைக் காத்தவர்களின் அறிவை எழுதி வைப்பார் யார்? அப்பணிக்கு உரிய இடம் ஊர் நூலகமே.

அமெரிக்க நூலகச் சங்கம் 2019ஆம் ஆண்டில் வளங்குன்றா வாழ்வை நூலகத் தொழிலின் அடிப்படை விழுமியங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நமக்கும் இது புதிதன்று. சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் நூலகத்தை வளரும் உயிர் என்று விதி வகுத்தது 1931ஆம் ஆண்டில். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து நூல்களைச் சுமந்த மாட்டுவண்டி ஊர் ஊராகச் சென்றது. வர இயலாதாரிடம் நூலகமே சென்றது.

அப்படியாயின் தடை யாது? பொருளே தடை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்பது நமக்குப் பெருமை. அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்திற்குரியது. ஆயிரம் ரூபாய் வரி செலுத்தும் மாடிவீடு நூறு ரூபாய் தருகிறது. ஐம்பது ரூபாய் செலுத்தும் சிறு வீடு ஐந்து ரூபாய் தருகிறது. மாடிகள் பெருகிய நகரத்திற்கு இக்கணக்கு பொருந்தும். சிறு வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைக்கு இது பொருந்துமா? வீட்டின் மதிப்பை அளக்கும் வரி, காட்டின் மதிப்பை அளப்பதில்லை. மலையின் காடு காக்கும் நீரோ சமவெளிக்கு இறங்குகிறது. சமவெளியின் வரி மலைக்கு ஏற வேண்டாமா?

2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடங்கள் தந்தது. அவற்றுட் பல பின்னர்ப் பூட்டிக் கிடந்தன. கட்டடத்திற்கு ஒருமுறை பணம் போதும். நூலகத்திற்கு ஆண்டுதோறும் வேண்டும் என்பதே அது தந்த பாடம்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அப்பணி அமைந்தது. அதன் திட்டத்தில் மலையூர் நூலகங்களுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படுதல் வேண்டும். பெருந்தொகை வேண்டுவதில்லை. ஒரு மழைமானி, அதன் அளவை நாள்தோறும் குறிக்க ஒரு பேரேடு, ஊர் விதைகளைப் பெயரெழுதி வைக்க ஓர் அலமாரி, மூத்தோர் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு கருவி, ஊரிலேயே கற்ற ஓர் இளைஞருக்கோ இளம்பெண்ணுக்கோ மாதச் சம்பளம். பத்தாண்டு கழித்து அப்பேரேடு, உழவர்க்கும் ஆய்வாளர்க்கும் ஒருங்கே பயன்படும்.

இலக்கிய வட்டத்திற்கு இதில் என்ன பணி எனலாம். அரசிடம் கேட்கும் விண்ணப்பம் ஒன்று. அதனினும் முதன்மையானது, மலையேறிச் சென்று மூத்தோர் அருகில் அமர்ந்து எழுதுதல். குறிஞ்சியைப் பாடாத கவிஞர் நம்மிடையே அரியர். சாமைக் கதிரைக் கையிலேந்திப் பார்த்தவரோ அதனினும் அரியர். பத்தாண்டு கண்ட வட்டம் அடுத்த பத்தாண்டில் ஒரு மலைநாட்டின் அறிவையேனும் ஏட்டில் ஏற்றுமாயின், பெருங்கௌசிகனார்க்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதி தீரும்.