பண்ணையின் முழுக்கணக்கு



விவசாயத்தின் பொருட்டு ஒரு சர்க்கார் சட்டம் இயற்றிப் பெருந்தொகையைச் செலவிட்ட பிறகு, அதனால் பூமிக்கும் ஜலத்துக்கும் பாடுபடுகிறவனுடைய குடும்பத்துக்கும் விளைந்த நன்மை தீமைகளை எதைக்கொண்டு நிர்ணயிப்பது என்னும் கேள்விக்கு, ஐரோப்பிய நாடுகள் சென்ற அறுபது ஆண்டுகளாகத் தேடிவரும் விடையைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

ஆறு தேசங்களே அங்கம் வகித்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், 1965ஆம் ஆண்டிலே, பண்ணைகளின் வரவு செலவைத் திரட்டுவதற்கென்று ஓர் ஏற்பாட்டைத் தோற்றுவித்தது. அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 பண்ணைகள் தாமாக முன்வந்து அதற்கு ஆண்டுதோறும் கணக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. பாலுக்குக் கிடைத்த விலை, தீவனத்துக்கு ஆன செலவு, கடன், மானியம் யாவும் அதில் உண்டு. யுத்தகாலத்துப் பசியைக் கண்ணாரக் கண்ட தலைமுறைக்கு விளைச்சலும் வருமானமுமே முதற்கவலையாக இருந்ததில் வியப்பில்லை. ஆயினும், உத்தரவாத விலையின் பயனாகக் கிடங்குகளில் வெண்ணெய் மலையாய்க் குவிந்து, 1984இல் பால் உற்பத்திக்கே வரம்பு கட்ட நேர்ந்தபோதும், அந்த வெண்ணெய்க்காக மண்ணும் நீரோடையும் கொடுத்த விலை அந்தப் பேரேட்டில் ஏறவில்லை.

அதை எப்படி எழுதுவது? தழைச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் அடங்கியது 23 கிலோ தழைச்சத்து. 1,000 லிட்டர் பாலோடு பண்ணையை விட்டுப் போவது சுமார் ஐந்தரை கிலோ. ஒரு மூட்டையின் சத்து முழுவதும் பாலாகவே வெளியேற வேண்டுமானால், 4,000 லிட்டருக்கு மேல் கறந்தாக வேண்டும். அவ்விதம் நிகழ்வதில்லை. உரமாகவும் தீவனமாகவும் உள்ளே வந்ததிலிருந்து, பாலாகவும் விற்ற மாடாகவும் போனதைக் கழித்தால் எஞ்சுவதில் கணிசமான பங்கு, மழையோடு நைட்ரேட்டாக ஊற்றுநீரில் இறங்குகிறது, அல்லது அம்மோனியாவாகக் காற்றில் கலக்கிறது. இந்தக் கழித்தலுக்கு வாங்கிய உரத்தின் விலை போதாது, எடை வேண்டும். தொகை எழுதிய இடத்தில் எடையையும் எழுதச் சொல்வது அற்பமாகத் தோன்றலாம். எனக்கோ இந்த விஷயத்தின் உயிர்நிலையே அதுதான் என்று படுகிறது.

2015 மார்ச் மாதத்தோடு பால் வரம்பு நீங்கியது. அயர்லாந்தில் கறவை மாடுகள் பெருகி, சில ஆண்டுகளில் 15 லட்சத்தைத் தாண்டின. அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமாகிய சாகஸ்க், பண்ணைதோறும் திரட்டிய கணக்கைப் பரிசீலித்தபோது, ஒரு கிலோ பாலுக்கு வெளியாகும் பசுமைக்குடில் வாயு மெல்லக் குறைந்து வந்ததும், பால் பெருகியபடியால் கறவைத் தொழிலின் மொத்த வாயு ஏறியதும் சேர்ந்தே புலனாயின. பாலை அளவுகோலாகக் கொண்டவர் கொள்கை பலித்தது என்பார். மொத்த வாயுவை அளவுகோலாகக் கொண்டவர் இல்லையென்பார். இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடுவதே நேர்மை. அவை முரண்படும்போது நான் மொத்தத்தின் பக்கமே நிற்பேன், ஏனெனில் ஆறும் ஆகாயமும் சுமப்பது மொத்தத்தையே.

அவசரத் தீர்ப்பும் ஆகாது. 2018 கோடையில் மழை பொய்த்துப் புல் கருகியதால், அயர்லாந்து விவசாயிகள் தீவனத்தை வெளியிலிருந்து ஏராளமாக வாங்கினார்கள்; அவ்வாண்டின் எண்ணை மட்டும் பார்த்து ஒரு சட்டத்தைப் பழிப்பது அநியாயம். அதே பண்ணைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, சட்டம் தொட்டவற்றைத் தொடாதவற்றோடு ஒப்பிட்டால்தான் காரணமும் காரியமும் பிரியும்.

விவசாயி தனியே வசிக்கிறாரா, எத்தனை மணிநேரம் உழைக்கிறார் என்பவற்றையும் சாகஸ்க் கவனிக்கிறது. லாபம் காட்டும் ஒரு பண்ணையில், பேச்சுத்துணையின்றி முதியவர் ஒருவர் மாடு கறந்துகொண்டிருப்பாரானால், அந்தப் பண்ணை நிலைத்து நிற்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2023ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பழைய பேரேட்டை, சுற்றுச்சூழலையும் சமூக வாழ்வையும் சேர்த்துக் கேட்கும் புதிய ஏற்பாடாக மாற்றி, 2025ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து தொடங்கியிருக்கிறது. தனியொரு பண்ணையின் கணக்கை வரி விதிக்கப் பயன்படுத்தலாகாது என்று 1965இலேயே சட்டத்தில் எழுதியிருந்தார்கள். உரத்தின் எடையையும் வீட்டு நிலைமையையும் கேட்கத் துணியும் இந்நாளில், அந்த உறுதி முன்னிலும் கண்டிப்பாகக் காக்கப்பட வேண்டும். அது தளர்ந்தால் விவசாயி எண்களைத் தருவார், உண்மையைத் தரமாட்டார்.