மடியில் பச்சைப் பிள்ளை, காலடியில் மூத்தது
(தாய்மார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நாங்கள் போய் வருவது உங்களுக்குத் தெரியும். பல வீடுகளில் வாசலிலேயே காதில் விழும் சொல் "தொடாதே!" என்பதுதான். தொட்டிலை எட்டிப் பார்க்கும் 2 வயதுப் பிள்ளைக்குச் சொல்வது அது. ஒரு வீட்டில், பாயை நனைப்பதை எப்போதோ விட்டிருந்த பிள்ளை மறுபடி நனைத்தது. உம்மா அடித்துவிட்டார். பிறகு அவரே எங்கள் முன்னால் உட்கார்ந்து அழுதார். இந்த வயதுப் பிள்ளை வேண்டுமென்று அப்படிச் செய்வதில்லை. தன் இடம் போய்விட்டதோ என்ற பயம் அதற்கு. அடித்தால் பயம் உறுதியாகிவிடும்.

கத்திரி வெயில் வரப்போகிறது. மூத்ததை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிறீர்கள். பெரிய திட்டம் வேண்டாம். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். மூத்தது சேட்டை செய்வதும் அந்த நேரத்தில்தான். எனவே பால் நேரத்துக்கென்று ஒரு துணிப்பை வைப்போம். மூடி போட்ட டப்பா, மரக்கரண்டி, பழைய துப்பட்டா, படப்புத்தகம் போதும். பால் கொடுத்து முடிந்ததும் பை அலமாரிக்கு மேலே போய்விட வேண்டும். நாள் முழுக்கக் கையில் இருந்தால் இரண்டே நாளில் சலித்துவிடும். புளியங்கொட்டை, பாசிமணி, நிலக்கடலை வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

தண்ணீர் விளையாட்டைப் போல வெயிலுக்கு வேறில்லை. அகலத் தட்டில் கொஞ்சம் தண்ணீர், இரண்டு டம்ளர்; ஊற்றி ஊற்றி அரை மணி நேரம் விளையாடும். ஆனால் கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். வாளியின் அடியில் கிடக்கும் தண்ணீரே ஒரு சின்னப் பிள்ளையின் உயிரை எடுக்கப் போதும். உள்ளே சின்னது அழுகிறதா? அழட்டும். மூத்ததைத் தூக்கிக்கொண்டே எழுந்து போங்கள். முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் வெளியே போகலாம். ஆட்டுக்குட்டி பார்க்கத் தெருமுனை வரை கூட்டிப்போவது நன்னாவின் வேலை. வாப்பா வளைகுடாவில் இருக்கிறாரா? வீடியோவில் வந்ததும் "பாப்பாவைக் காட்டு" என்கிறார். முதலில் மூத்ததைக் கேட்கச் சொல்லுங்கள். செலவில்லாத காரியம்தானே!

மூத்ததற்கு மோர், இளநீர், நுங்கு கொடுங்கள். பச்சைப் பிள்ளைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால்தான். எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மூத்தது தம்பியின் காலைத் தொடட்டும், துணி எடுத்துத் தரட்டும். தினமும் 10 நிமிடம் சின்னதை நன்னியிடம் கொடுத்துவிட்டு மூத்ததை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலை அதுவரை காத்திருக்கும்.

போகும்போது ஆளுக்கொரு துணிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் கிழியாத படப்புத்தகம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் கொடுங்கள். நான்கைந்து பைகளுக்கு இன்னும் புத்தகம் இல்லை.