"நீ சும்மா இரும்மா"

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



எங்க அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோச்சு. பாசத்துல எல்லா வேலையையும் நாங்களே செய்தோம். "நீ சும்மா இரும்மா" என்றோம். அம்மாவுக்குப் பேச்சே குறைந்துபோச்சு.

ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபி பிரிவில், "முன்னாடி வீட்டில் என்னென்ன வேலை செய்வாங்க?" என்று கேட்டார்கள். பிறகு சொல்லிக்கொடுத்தார்கள். ரவிக்கை போடும்போது முடியாத கையை முதலில் நுழைக்கணும், கழற்றும்போது கடைசியில் எடுக்கணும். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி விரிக்கணும்.

அமெரிக்காவில் 1917-ல் இந்தச் சிகிச்சைக்குச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் ஜார்ஜ் பார்ட்டன். தனக்கே ஒரு பக்கம் வாதம் வந்து, தோட்ட வேலையும் மர வேலையும் செய்து தேறியவர். நம் நாட்டில் 1950-ல் மும்பையில் இதற்கான முதல் பள்ளியைத் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் என்ற பெண்மணி.

இப்போ அம்மா வலது கையால் காயை அழுத்திக்கொண்டு, இடது கையால் மொச்சை உரிக்கிறாங்க. கை முழுசாத் திரும்பலை. ஆனா, "இன்னைக்குக் குழம்புக்கு நான்தான் உரிச்சேன்" என்று சொல்லும்போது பழைய அம்மாதான்.

உங்க குழுவில் உடம்பு முடியாமல் வராத உறுப்பினர் இருந்தால் போய்ப் பாருங்க. பழம் மட்டும் கொடுத்துட்டு வராதீங்க. "அடுத்த கூட்டத்தில் வருகைப் பதிவு நீங்க எடுங்க அக்கா" என்று சொல்லிட்டு வாங்க.